கியூலேப்: நாடகத்துக்கு இசை போடுகிறவனின் பன்னிரண்டு வருட அனுபவம்

நான் இசை போட்ட ஒரு நாடகத்தில் ஒரு காட்சி. வயதான அப்பா, இறந்துபோன மனைவியின் சால்வையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறார். வசனம் கிடையாது. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐம்பது வினாடி. ஐம்பது வினாடிக்கு ஒரு செல்லோ மெட்டு எழுதினேன், கடைசியில் பியானோவில் ஒரு சின்ன முடிப்பு. மடிக்கணினியில் பாட்டுக் கேட்கும் பிளேயரில் மற்ற ஒலிகளோடு அதையும் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

முதல் நாள் மேடையில் அப்பாவாக நடித்தவர் எழுபது வினாடி எடுத்துக்கொண்டார். இசை முடிந்துவிட்டது, சால்வை பாதி மடிப்பில் நிற்கிறது, அரங்கம் முழுக்க மின்விசிறிச் சத்தம். மறுநாள் நாற்பதிலேயே பெட்டியை மூடிவிட்டார். விளக்கு அணைந்த இருட்டில் என் பியானோ மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒப்பனை அறைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, உன் மியூசிக் என்னைத் துரத்துது. நான் சால்வையை மடிக்கட்டுமா, உன்னைப் பிடிக்க ஓடட்டுமா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சினிமாவுக்கு இசை போடுகிறவர் வெட்டி முடித்த படத்தைப் பார்த்து அளவெடுக்கலாம். அது நாளைக்கும் அதே நீளம்தான். நாடகத்தில் நேற்றைய அளவு இன்றைக்கு ஆகாது. நடிகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், முன்வரிசையில் யாரோ அழுவார்கள், அவர் அதை உணர்ந்து இன்னும் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் நாடகம். நான் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வாங்கியதுதான் கியூலேப். அப்போது மூன்றாம் பதிப்பு. இன்றுவரை அதில்தான் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் “எதை வாங்கலாம், எங்கே தொடங்கலாம்” என்று அடிக்கடி கேட்பதால், நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்கு: நாடகத்தில் எந்த ஒலி எந்த இடத்தில் எப்படி வர வேண்டும் என்பதை வரிசைப்படுத்தி, பொத்தானை அழுத்தினால் அடுத்தது ஓடும்படி செய்கிற மென்பொருள் இது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் ஃபிகர் 53 என்ற நிறுவனம் தயாரிக்கிறது. கிறிஸ்டோபர் ஆஷ்வொர்த் தொடங்கிய நிறுவனம். முதல் பதிப்பு 2006இல் வந்தது, இப்போதைய ஐந்தாம் பதிப்பு 2022இல். ஒலியோடு வீடியோவையும் விளக்கையும் கூட இதிலேயே ஓட்டலாம். அவற்றில் எனக்குப் பெரிய அனுபவம் இல்லாததால் ஒலியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திறந்தால் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியும் ஒரு கியூ, அதாவது தன் முறை வந்ததும் ஓட வேண்டிய ஒரு ஒலி அல்லது ஒரு கட்டளை. மேலே பெரிதாக ‘கோ’ என்று ஒரு பொத்தான். ஸ்பேஸ் விசையைத் தட்டினாலும் அதே வேலைதான். முதல் முறை பார்க்கும்போது “இவ்வளவுதானா?” என்றுதான் எனக்கும் தோன்றியது. இசை எழுதும் மென்பொருள்களில் பழகிய கண்ணுக்கு இது கணக்குப் பிள்ளையின் பேரேடு மாதிரி இருக்கும். அழகுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஐந்து.

ஆனால் அந்தப் பட்டியலுக்குள் டீவேம்ப் என்று ஒரு கியூ இருக்கிறது. நான் காசு கொடுத்தது அதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு ஒலிக்கோப்பின் அலைவடிவத்தில் நமக்கு வேண்டிய இடங்களில் கோடு போட்டுத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் எத்தனை தடவை ஓட வேண்டும் என்று சொல்லலாம், முடிவில்லாமல் சுற்றச் சொல்லலாம். சுற்றிக்கொண்டிருக்கும் துண்டை விடுவிப்பதுதான் டீவேம்ப். அது ஓடியதும் இசை பட்டென்று அறுந்துவிடாது. அப்போது ஓடும் சுற்றை ஒழுங்காக முடித்துவிட்டு அடுத்த துண்டுக்குள் நுழையும். ஆக, என் செல்லோ மெட்டை மூன்று துண்டாக்கினேன்: நுழைவு, சுழல், முடிப்பு. சுழல் துண்டு அவர் சால்வையை மடிக்கும்வரை சுற்றும். பெட்டி மூடியில் கை வைத்ததும், பொத்தானை அழுத்தும் ஆபரேட்டர் ஒரு தட்டு. சுற்று முடிந்து பியானோ வந்து கதவைச் சாத்தும். நாற்பது வினாடியானாலும் சரி, இரண்டு நிமிடமானாலும் சரி.

இதைக் கேட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முதல் முயற்சி படுதோல்வி.

காரணம் வெறும் கணக்கு. நிமிடத்துக்கு 60 தட்டு, நான்கு தட்டுக்கு ஒரு தாளச் சுற்று என்றால் ஒரு தாளச் சுற்று 4 வினாடி. நான் எட்டுத் தாளச் சுற்றுகளைச் சேர்த்து ஒரு சுழலாக வைத்திருந்தேன், 32 வினாடி. சுழல் தொடங்கிய மறுநொடி நடிகர் பெட்டியை மூடினால், டீவேம்ப் தட்டிய பிறகும் ஏறக்குறைய அரை நிமிடம் செல்லோ வாசித்துக்கொண்டே இருக்கும். மென்பொருள் சொன்னதைச் செய்தது. நான் சொன்னதுதான் தப்பு. அப்புறம் சுழலை இரண்டு தாளச் சுற்றாகக் குறைத்தேன். அதிகபட்சம் 8 வினாடி காத்திருப்பு, அதை நடிகரின் மூச்சு மூடிவிடும்.

ஆனால் இரண்டே தாளச் சுற்றை ஒன்றரை நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் காது எரிச்சல்படும். அதற்கு நான் கண்ட வழி, தாளத்தில் கட்டுப்படாத ஒரு அடுக்கை மேலே தனிக் கியூவாக ஓடவிடுவது. நீண்ட ஹார்மோனிக் ஸ்வரங்கள், இடையிடையே வெற்றிடம், மொத்தம் நான்கு நிமிடம். கீழே செல்லோ அதே எட்டு வினாடியைத்தான் சுற்றுகிறது, மேலே வருவது ஒவ்வொரு தடவையும் வேறு. காது மேலே உள்ளதையே பின்தொடரும். டீவேம்ப் தட்டும்போது மேல் அடுக்கை ஐந்து வினாடியில் மங்கவைக்க ஒரு ஃபேட் கியூ. இரண்டையும் ஒரு குழுவில் போட்டுவிட்டால் ஆபரேட்டருக்கு ஒரே தட்டுதான்.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை எனக்கு யாராவது முதல் வருடமே சொல்லியிருந்தால் பல ராத்திரிகள் தூங்கியிருப்பேன். சுழலின் கடைசி ஸ்வரத்துக்கு ரிவெர்ப் வால் இருக்கும், அதாவது ஸ்வரம் நின்ற பிறகும் நீளும் எதிரொலி. சுழல் தலைக்குத் திரும்பும்போது அந்த வால் அறுந்துபோகும், ஒவ்வொரு எட்டு வினாடிக்கும் ஒரு விக்கல் கேட்கும். அதனால் இசை மென்பொருளிலேயே அந்தப் பகுதியை அடுத்தடுத்து இரண்டு தடவை வாசிக்கவைத்து, அதன் பிறகு முடிப்பை வைத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுப்பேன். கியூலேப்பில் சுற்றவிடுவது இரண்டாவது தடவையை மட்டும். முதல் தடவையின் வால் ஏற்கெனவே அதன் தலையில் ஏறியிருக்கும். விக்கல் போய்விடும்.

இதெல்லாம் சேர்ந்து நான் இசை எழுதும் முறையையே மாற்றிவிட்டது. முன்பு ஆரம்பம், நடு, உச்சம், முடிவு என்று ஒரு பாட்டுக்காரன் மாதிரி யோசிப்பேன். இப்போது நாடகப் பிரதியைப் படிக்கும்போதே எங்கே நடிகர் தன்னிஷ்டப்படி நேரம் எடுப்பார், எங்கே வசனம் இசையைப் பிடித்து இழுக்கும் என்று ஓரத்தில் குறித்துவிடுகிறேன். குறித்த இடங்களில் உச்சம் எழுதுவதில்லை.

பாராட்ட வேண்டிய அடுத்த விஷயம், நான் அரங்கில் இல்லாத நாட்கள். நாடகத்துக்கு ஒலி வடிவமைக்கிறவரின் வேலை பெரும்பாலும் முதல் காட்சியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் பொத்தானை அழுத்துவது வேறொருவர். சில நேரம் அவருக்கு என் முகமே தெரியாது. நான் விட்டுப்போவது அந்தக் கோப்பு மட்டும். ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் “சவுண்ட் 14 தயார்… சவுண்ட் 14, கோ” என்பார், ஆபரேட்டர் தட்டுவார்.

இதற்கு கியூலேப் செய்திருக்கும் ஏற்பாடுகள் நன்றாக யோசித்துச் செய்தவை. அடுத்து வரப்போகும் கியூவுக்கு நாம் எழுதிய குறிப்பு திரையின் மேலே தெரியும். “பெட்டி மூடியில் கை பட்டதும், மூடிய பிறகு அல்ல” என்று எழுதிவைத்தால், முதல் நாள் வருகிற பதிலி ஆபரேட்டர்கூடத் தட்டிவிடுவார். பதற்றத்தில் இரண்டு தடவை தட்டிவிட்டால் இரண்டாவதைப் பொருட்படுத்தாமல் விடும் அமைப்பு இருக்கிறது, எத்தனை வினாடி இடைவெளி என்று நாமே வைக்கலாம். நான் எப்போதும் அரை வினாடி வைப்பேன். காட்சி ஓடும்போது யாரும் எதையும் தெரியாமல் நகர்த்திவிடாமல் இருக்கத் தனி நிலை உண்டு. எல்லாமே தப்பாகப் போனால் எஸ்கேப் விசை: ஓடுகிற எல்லாம் மெல்ல மங்கி அடங்கும். இரண்டு தடவை தட்டினால் உடனே நிற்கும். பன்னிரண்டு வருடத்தில் அதை மேடை நேரத்தில் நான் இரண்டு தடவை தொட்டிருக்கிறேன், இரண்டும் மேடையில் நடிகர் விழுந்தபோது.

இனி என் அவமானக் கதை. இதில் மென்பொருளுக்குப் பங்கில்லை.

முதல் அங்கத்தில் மழை. காட்சி முடியும்போது மழையை ஃபேட் கியூவால் பூஜ்யத்துக்கு இறக்கினேன். இரண்டாம் அங்கத்தில் அதே மழை திரும்ப வர வேண்டும், அதனால் அதே கியூவை மறுபடி அழைக்க ஒரு ஸ்டார்ட் கியூ. ஃபேட் கியூவில் “முடிந்ததும் நிறுத்து” என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்ய மறந்துவிட்டேன். விளைவு, மழை நிற்கவே இல்லை. யார் காதிலும் விழாமல், பூஜ்ய அளவில், சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் அங்கத்தில் ஆபரேட்டர் சரியாகத் தட்டினார். ஏற்கெனவே ஓடுகிற கியூவை மறுபடி தொடங்கச் சொன்னால் கியூலேப் ஒன்றும் செய்யாது. கதாநாயகி குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்து “என்ன மழை, காதே அடைச்சுப்போச்சு” என்கிறாள். அரங்கம் மயான அமைதி. ஒரு கணம் கழித்துச் சிரிப்பு. அது சிரிக்க வேண்டிய காட்சி இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கியூக்களை எல்லாம் காட்டும் ஒரு பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. இடைவேளையில் ஒரு பார்வை பார்த்திருந்தால் மழை அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இடைவேளைக்கு ஒரு மெமோ கியூ, எதையும் ஓட்டாமல் குறிப்பு மட்டும் காட்டுவது, வைத்துவிடுகிறேன்: “ஓடும் பட்டியல் காலியா?”

தொழில்நுட்ப ஒத்திகையில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதும் முக்கியம். அந்த நாட்களில் அரங்கின் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். இயக்குநர் திடீரென்று, “கடிதம் படிக்கிற இடத்திலிருந்து போகலாம்” என்பார். அது என் மூன்று நிமிட இசையின் நடுப்பகுதி. கியூவை வேண்டிய வினாடிக்கு ஏற்றி நிறுத்திவைத்து, அவர் சொன்னதும் அங்கிருந்தே ஓட்டலாம். நடிகர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பி நடப்பதற்குள் நான் தயார். ஒலிக்காரரால் ஒத்திகை நிற்கவில்லை என்பது இந்தத் தொழிலில் அடுத்த வாய்ப்பை வாங்கித்தரும் சமாசாரம். இசை நன்றாக இருந்தது என்று சொல்கிற இயக்குநரைவிட, “அவன் இருந்தா நேரம் வீணாகாது” என்று சொல்கிற இயக்குநர்தான் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்.

ஐந்தாம் பதிப்பில் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளிலிருந்து திருத்த முடிகிறது. ஆபரேட்டர் தன் இடத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார், நான் நடுமேசையிலிருந்து அளவைக் குறைப்பேன். முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் படியேறி ஓடுவேன். என் முழங்கால் சார்பில் நன்றி.

இப்போது குறைகள். முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: மேக்கில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு இங்கே வழியே இல்லை. நாடகம் செய்ய வருகிற இளைஞரிடம் மென்பொருளுக்கு முன்னால் ஒரு கணினி வாங்கு என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. விண்டோஸில் மல்டிபிளே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எளிமையான நாடகத்துக்கு அது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேக் என்பதால் வரும் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மின்னஞ்சல் வந்தால் ‘டிங்’ என்று அடிக்கும். அது அரங்க ஒலிபெருக்கியில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கணினியின் சொந்தச் சத்தங்களைக் கணினியின் ஒலிபெருக்கிக்கே திருப்பிவிட்டு, கியூலேப்பை மட்டும் வெளி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கணினியின் ஒலியை அரங்கக் கருவிகளுக்குக் கொடுக்கும் பெட்டி) அனுப்ப வேண்டும். காட்சிகள் ஓடும் வாரங்களில் இயங்குதளத்தைப் புதுப்பிக்கவே கூடாது. திரை எத்தனை தடவை கெஞ்சினாலும்.

இரண்டாவது, இது இசை எழுதுகிற கருவி அல்ல. இசையைத் தனி மென்பொருளில் செய்து, கோப்பாக எடுத்து, இங்கே கொண்டுவர வேண்டும். இயக்குநர் “அந்தச் செல்லோவை மட்டும் கொஞ்சம் கீழே” என்று சொன்னால், செல்லோ தனிக் கோப்பாக இருந்தால்தான் இங்கே முடியும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோவாகக் கலந்து எடுத்துவந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது குறைந்தது மூன்று அடுக்காகப் பிரித்துத்தான் கொண்டுபோகிறேன்.

மூன்றாவது, அரங்கைச் சரிசெய்யும் வேலையை இது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி ஒரு துணை ஒலிபெருக்கி இருந்தால், மேடைச் சத்தம் அங்கே வந்துசேர 35 மில்லிவினாடி ஆகும். துணை ஒலிபெருக்கியை அந்த அளவு தாமதப்படுத்தாவிட்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு நடிகர் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். இதை மிக்ஸரிலோ ஒலிபெருக்கிச் செயலியிலோதான் நான் செய்கிறேன். காதால் கேட்டு நடந்து நடந்து பழக வேண்டிய வேலை. எந்தப் பட்டியலிலும் கோ தட்டினால் வராது.

உரிமம் பற்றி: இலவசமாகவே இறக்கிப் பயன்படுத்தலாம், இரண்டு வெளியீட்டுச் சேனல்கள், அதாவது ஒலி வெளியே போகும் தனித்தனிப் பாதைகள், கிடைக்கும். இடம், வலம் என்று இரண்டு ஒலிபெருக்கி போதும் என்கிற நாடகத்துக்குத் தாராளம். மேடைக்குள் இருக்கும் ரேடியோவிலிருந்து பாட்டு வர வேண்டும், கதவுக்குப் பின்னால் நாய் குரைக்க வேண்டும் என்று தொடங்கும்போதுதான் கூடுதல் சேனல் தேவைப்படும். அப்போதும் முழு உரிமம் வாங்க வேண்டியதில்லை, நாள் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகை சேர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் உரிமம் சொந்தமாகிவிடும். வருடத்துக்கு இரண்டு நாடகம் கிடைக்கிற நம்மைப் போன்றவர்களை யோசித்து வைத்த திட்டம் என்று தோன்றுகிறது.

தொழில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் ஒலி வடிவமைப்புக்கு 2008இல்தான் இடம் கிடைத்தது. 2014இல் அதை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். 2018 விருதுகளில் மறுபடி சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய மேடையிலேயே இது தனி வேலையா இல்லையா என்று குழம்பியிருக்கிறார்கள் என்றால், மற்ற இடங்களில் உங்கள் பெயர் அழைப்பிதழில் விளக்குக்காரருக்கும் தேநீர் உபயத்துக்கும் நடுவில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் இசையமைப்பு ஒரு வரி, ஒலி வடிவமைப்பு இன்னொரு வரி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுதயாரிப்பு வரும்போது இசையின் உரிமை யாரிடம் என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதி ஒரு தடவை இழந்திருக்கிறேன்.

வாங்கலாமா? மேக் இருந்தால், யோசிக்காமல். முதலில் இலவசப் பதிப்பு. நாடகம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏதாவது ஒரு காட்சியில் ஒரு பக்கத்தை எடுங்கள், அதற்கு ஒரு நிமிட இசை எழுதுங்கள். வீட்டில் யாரையாவது பிடித்து அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லுங்கள்: ஒரு தடவை சாதாரணமாக, ஒரு தடவை அவசரமாக, ஒரு தடவை நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து. மூன்றிலும் உங்கள் இசை வாசித்தவரோடு சேர்ந்து முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு அது சரியாக வர ஏழு நாள் ஆனது, தண்ணீர் குடிக்கப் போன என் தங்கை மூன்றாம் நாளே வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.